முனையில் இல்லை குறி

துப்பாக்கிக் கடைக்குப் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: “இதைவிடக் கூர்மையா ஏதாவது இருக்கா?” கடைக்காரரும் முனை சீவிய பெல்லட் டப்பா ஒன்றை எடுத்து வைப்பார். இருவருக்கும் சந்தேகமே எழாது. கூரான குண்டு காற்றைக் கிழிக்கும். காற்றைக் கிழிப்பது நேராகப் போகும். நேராகப் போவது குறி தப்பாது. இந்த மூன்று படிகளில் முதல் படியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் கண்ணுக்கு அழகாகத் தெரிவதைக் கைக்கு உதவும் என்று நம்புகிற பழைய மயக்கம்.

2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே போட்டியில்தான். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. அந்தப் பொட்டைத் தேடிப் போகும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் தலை சப்பை! தாளில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் சுத்தமான வட்ட ஓட்டை விழும் என்பது ஒரு காரணம். 10 மீட்டருக்குள் காற்றுத் தடை பெரிதாக எதையும் கெடுத்துவிட முடியாது என்பது இன்னொன்று. பெல்லட்டின் கனம் தலையில். பின்பக்கம் குழிவான பாவாடை. இறகுப்பந்து எப்படித் தலையை முன்னே வைத்துப் பறக்கிறதோ அதே வித்தைதான். இதில் கூர்முனை செய்யும் வேலை எதுவுமில்லை. மெத்தென்ற ஈயத்தில் அந்த முனையைச் சரியாக நடுவில் நிறுத்துவது கடினம். டப்பாவுக்குள் குலுங்கினாலே நசுங்கும்.

“அது விளையாட்டுத் துப்பாக்கி. நிஜ ரைஃபிளைப் பற்றிப் பேசுங்கள்” என்பார்கள். பேசுவோம்.

கூர்முனை ராணுவத்துக்கு வந்த கதையைப் பாருங்கள். 1898-ல் பிரான்ஸ் கூர்முனையும் பின்னால் ஒடுங்கிய வாலும் கொண்ட குண்டைக் கொண்டுவந்தது. அந்த ஒடுங்கிய வாலைத்தான் போட்-டெயில் என்கிறார்கள். சில ஆண்டுகளில் ஜெர்மனியும், 1906-ல் அமெரிக்காவும் கூர்முனைக்கு மாறின. ஆனால் அவர்கள் குண்டுகளின் அடி தட்டையாகவே இருந்தது. முதல் உலகப்போரில் தங்கள் இயந்திரத் துப்பாக்கிகளின் குண்டு எதிர்பார்த்த தூரம் எட்டவில்லை என்று கண்ட அமெரிக்கர்கள், 1920-களில் 173 கிரெய்ன் எடையுள்ள போட்-டெயில் குண்டுக்குப் போனார்கள். அது பயிற்சித் திடல்களின் பாதுகாப்பு எல்லையையே தாண்டிப் பறந்ததால், அடுத்த பத்தாண்டின் இறுதியில் தட்டை அடிக் குண்டுக்கே திரும்பினார்கள். போனதற்கும் காரணம் தூரம், திரும்பியதற்கும் காரணம் தூரம். இருநூறு முந்நூறு மீட்டருக்குள் சுடுகிற நாம், ஆயிரம் மீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு தேவையைக் கடன் வாங்கி அதற்குத் துல்லியம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

அப்படியானால் துல்லியம் குண்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது? அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் இதைத் தேடிப் பல்லாண்டுகள் சுட்டுப் பார்த்து, 1909-ல் புத்தகமாக எழுதினார். குண்டின் முனையைச் சிதைத்துச் சுட்டார். குறி பெரிதாகக் கெடவில்லை. அடியைக் கொஞ்சம் சாய்வாக வெட்டிச் சுட்டார், குண்டுகள் சிதறின. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். அந்தக் கணத்தில் பின்னாலிருந்து சீறும் வாயு, அடி சரியாக இருந்தால் சுற்றிலும் சமமாகப் பிரியும். ஒரு பக்கம் ஓரம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டைத் தட்டிவிடும். அதன் பிறகு முனை எவ்வளவு கூராக இருந்து என்ன பயன்?

போட்டிக் குண்டு செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாதாரண ராணுவக் குண்டில் செம்புக் கவசம் முனையில் மூடியிருக்கும், அடியில் திறந்திருக்கும். போட்டிக் குண்டில் தலைகீழ். அடி முழுதாக மூடியிருக்கும். முனையில் சின்ன ஓட்டை. ஈயத்தை முன்பக்கமாக உள்ளே வைத்துக் கவசத்தைக் குவிப்பதால் வரும் ஓட்டை அது. அடி பழுதில்லாமல் அமைவதற்காக முனையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். துல்லியத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் எதைக் காத்தார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 300 மீட்டர் போட்டிக்காக உருவாகிப் புகழ்பெற்ற சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் குண்டு போட்-டெயில்தானே? ஆம். நன்றாகச் செய்த போட்-டெயில் நன்றாகவே சுடும். ஆனால் அதன் பெருமை, ஒரு குண்டுபோலவே மறு குண்டையும் செய்த கைநேர்த்திக்குச் சேர வேண்டியது. 100, 200 கஜத்தில் ஐந்து குண்டையும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போடுவதையே விளையாட்டாக வைத்திருக்கும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களைக் கேளுங்கள். 1975-ல் பிறந்த 6 மி.மீ. பிபிசி தோட்டாவில் அவர்கள் பெரிதும் விரும்பிப் போடுவது 65 முதல் 68 கிரெய்ன் எடையுள்ள குட்டையான, தட்டை அடிக் குண்டு. ஒடுங்கிச் செல்லும் வாலைவிட ஒரே தட்டையான அடியைப் பிசகில்லாமல் செய்வது எளிது.

அடுத்தது நிலைத்தன்மை. பம்பரம் விட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டைப் பம்பரம் சுமாரான சுழற்சியிலும் நின்று ஆடும். உயரமான பம்பரத்தை அதே வேகத்தில் விட்டால் தள்ளாடும். குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிகள்தான் குண்டுக்குச் சாட்டை. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை ட்விஸ்ட் என்பார்கள். 1879-ல் வுல்விச் ராணுவக் கல்விக்கூடக் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் தந்த தோராயக் கணக்கு இது: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 0.308 அங்குல விட்டமும் 1.1 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு ஏறத்தாழ 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். அதே குண்டு 1.3 அங்குலமானால் 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை. முனையை இழுத்துக் கூராக்கி, பின்னால் வாலும் ஒட்டினால் நீளம்தான் கூடும். குழல் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் குண்டு புரண்டு, தாளில் சாவித்துளைபோல் நீள ஓட்டை போடும்.

55 கிரெய்ன் குண்டுக்காக 12 அங்குல ட்விஸ்ட் வைத்த பழைய எம்-16 ரைஃபிளில், பின்னால் வந்த நீளமான 62 கிரெய்ன் குண்டைப் போட்டவர்கள் கண்ட அவதி இதுதான். பின்னர் புதிய எம்-16 குழலில் ட்விஸ்ட்டை 7 அங்குலமாக்கினார்கள். புதுக் குண்டு பழையதைவிடத் தரத்தில் குறைந்ததல்ல. பழைய குழலுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

காற்றில் விலகலும் கீழிறக்கமும் எங்கே போயின என்று கேட்கலாம். அவையும் உண்மைதான். ஒரே வேகத்தில் கிளம்பும் இரு .308 குண்டுகளில் ஒன்று காற்றுத் தடை ஓரளவு குறைந்த வடிவம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில் குறி சரிசெய்து 200 கஜத்தில் சுட்டால், இரண்டின் கீழிறக்கத்துக்கும் வித்தியாசம் அரை அங்குலம்கூட வராது. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வரலாம். போட்டியில் அது மதிப்புள்ள அங்குலம்தான். ஆனால் காற்றைப் படிக்கத் தெரிந்தவர் அதை ஈடுகட்டிவிடுவார். சிதறுகிற குண்டை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. 500, 600 மீட்டரைத் தாண்டிச் சுடப் போகிறவர் கூர்முனையும் போட்-டெயிலும் வாங்கட்டும். அங்கே அவை விலைக்கேற்ற வேலை செய்யும்.

ஆகவே, வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். முதலில் உங்கள் குழலின் ட்விஸ்ட் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, குண்டைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பிறகு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, திடலில் ஒரே தூரத்தில், ஒரே தாங்கியில் வைத்து, ஐந்தைந்தாகச் சில குரூப் சுட்டு, அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ, அதன் தலை உருண்டையோ சப்பையோ கூரோ, அதுதான் உங்கள் துப்பாக்கிக்குச் சரியான குண்டு. அதைத் தாள் சொல்லும். டப்பாவின் மேல் அச்சிட்ட படம் சொல்லாது.