அப்பாருவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்!

“அப்பாரு, நீங்க சும்மா உட்காருங்க!”

சங்ககிரி வட்டாரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசமே பெரியவர்களின் காலை முடக்கி விடுகிறது.

நிலக்கடலை பறித்தவர், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியவர், லாரியில் மூட்டை ஏற்றியவர். அவரைத் திடீரென்று கட்டிலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? தொடைச் சதை கரையும். கால் தள்ளாடும். ஒரு நாள் வழுக்கி விழுவார். இடுப்பு எலும்பு முறியும். பிறகு படுக்கைதான்!

இறைக்கிற கிணறுதான் ஊறும். உடம்பும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதை எட்டியவர்கள். இது 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. மகன் லாரியோடு வெளியூர் போய்விட்டால், பல வீடுகளில் பகல் முழுவதும் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். தானே எழுந்து கொல்லைக்குப் போய் வரும் வலு அவர்களுக்கு வேண்டாமா?

என்ன பயிற்சி?

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏற வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்யலாம்.

உறுதியான நாற்காலியைச் சுவர் ஓரம் போடுங்கள். அதில் உட்கார்ந்து எழ வேண்டும். முடிந்தால் 10 தடவை.

சுவரைப் பிடித்துக் கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். இதுவும் 10 தடவை.

சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணை இருக்கட்டும்.

வலுவும் நிதானமும் தரும் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். இது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. முடியாதவர்கள் முடிந்த மட்டும் செய்தால் போதும். சிறிது செய்தாலும் நன்மையே.

இருதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

படுத்த பிறகா?

“மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடிச் சென்று உடற்பயிற்சிச் சிகிச்சை தருவதும் இத்திட்டத்தில் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால், படுத்தவரை எழுப்புவது கடினம். படுக்காமல் காப்பது எளிது. அது குடும்பத்தின் கையில் இருக்கிறது.

ஆத்தா கீரை ஆயட்டும். அப்பாரு கடை வரை நடக்கட்டும். தடுக்காதீர்கள். கூடவே நடங்கள்!