மென்பொருள் பொதிகளைப் பிரித்து வெளியிடுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

அச்சன்புதூர் வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் சேர்ந்து வெளியிடும் அறிக்கை இது.

வீடு கட்டி முடிந்ததும் சாரத்தையும் சென்ட்ரிங் பலகையையும் கழற்றி எடுத்துவிடுகிறோம். மென்பொருளில் பல நேரம் அவை கூடத்திலேயே கிடக்கின்றன. ஒரு லைப்ரரியை நிறுவினால், அது இயங்கத் தேவையான கோப்போடு நிரலாளருக்கான ஹெடர் கோப்புகள், கையேடு, பிழை தேடும் தகவல்கள் எல்லாம் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன. பொதியைக் கட்டும்போதே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வெளியிட வேண்டும் என்கிறோம். பழைய கணினியில் இடம் மிச்சமாகும். செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் புதுப்பிப்பவருக்கு டேட்டாவும் மிச்சம்.

எவ்வளவு மிச்சம் என்பதற்கு நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கல் நல்ல சான்று. 2016-இல் வந்த அதன் 16.09 பதிப்பில், நிறுவல் அளவைக் குறைக்கும் பெரிய வேலை நடந்தது. பொதிகளைப் பிரித்ததற்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. சார்ந்த பொதிகளையும் சேர்த்து சுமார் 651 எம்பி இருந்த பயர்பாக்ஸ் 259 எம்பிக்கு இறங்கியது. சிறிய கண்டெய்னர் ஒன்று 424 எம்பியிலிருந்து 212 எம்பி ஆனது. ஆனால் பிரித்துவிட்டால் மட்டும் போதாது. அதன் பொதி மேலாளரான நிக்ஸ், ஒரு பொதியின் கோப்புகளுக்குள் வேறு பொதியின் பாதை எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதையும் இழுத்து வந்துவிடும். இயங்கும் பகுதிக்குள் ஹெடர் பகுதியின் முகவரி ஒரே ஒரு வரியில் தங்கிவிட்டாலும் பிரித்தது வீண்தான். பராமரிப்பாளரின் உழைப்பு பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

டெபியன் லினக்ஸில் இந்தப் பிரிப்பு பழைய வழக்கம். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸுக்கும் டெபியன்தான் அடித்தளம். டெபியனில் எங்களுக்குப் பிடித்த ஒழுங்கு ஒன்று உண்டு: எத்தனை துண்டாகப் பிரித்தாலும் உரிமத் தகவல் ஒவ்வொரு பொதியோடும் வர வேண்டும்.

எங்கள் கவலை தமிழைப் பற்றியது. லிபரெஆபிஸின் தமிழ் இடைமுகம், லோகித் தமிழ் எழுத்துரு, டெசராக்டின் தமிழ் எழுத்துணரித் தரவு எல்லாம் டெபியனில் தனிப் பொதிகள். தனியாக இருப்பதில் குறையில்லை. ஆனால் பெயர் தெரிந்தவர்தானே கேட்டு வாங்குவார்? நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்கு இவை தாமாகவே வந்து சேர வேண்டும். இடம் மிச்சம் என்ற பெயரில் மொழிக் கோப்புகளையும் கையேடுகளையும் அடியோடு நீக்குவதை நாங்கள் ஏற்கவில்லை.

மாணவர் விஷயம் வேறு. சி நிரல் எழுதிப் பழகும் பிள்ளை லைப்ரரியை நிறுவிவிட்டு, ஹெடர் கோப்பு இல்லை என்ற பிழைச்செய்தியோடு அரை நாள் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். ‘டெவ்’ என்று முடியும் இன்னொரு பொதி இருப்பதை அதற்கு யார் சொன்னார்கள்? ஆகவே பள்ளி, கல்லூரி ஆய்வகக் கணினிகளைத் தயார் செய்பவர்கள் டெவ் பொதிகளையும் கையேடுகளையும் சேர்த்தே நிறுவிக் கொடுங்கள். அங்கே சில நூறு எம்பி போனால் போகட்டும்.