கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

(இந்த வாரத் தலையங்கத்தை எழுதுபவர், பூரணாங்குப்பத்தில் இருந்து பள்ளிக்குப் போய் பிளஸ் டூ முடித்த ஓர் அக்கா.)



"புரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்பார். "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே கோரஸ் பாடும். மணி அடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்று ரகசியமாகக் கேட்போம். அவருக்கும் புரிந்திருக்காது!

எல்லா வகுப்பறைகளிலும் கேட்கிற பாட்டு இது. நாலாம் வகுப்பில் இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. எட்டாம் வகுப்பைத் தாண்டினால் கதையே வேறு. அங்கே ஒரு பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம் நிற்கும். இன்றைக்குப் புரியாத சமன்பாடு, அடுத்த வருடம் இயற்பியல் புத்தகத்தில் வந்து நிற்கும்.

இதை எங்கள் செட் நன்றாகவே அனுபவித்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தோம். 2023-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. புதுப் புத்தகம், புதுக் கேள்வித்தாள், புது மார்க் கணக்கு. கேள்வி ஆங்கிலத்தில் என்ன கேட்கிறது என்பதே பலருக்குப் பிடிபடவில்லை. 2025-ல் பிளஸ் டூ தேர்வு எழுதி வெளியே வந்தோம். எப்போதும் முதல் ரேங்க் வாங்கியவர்கள் தேறினார்கள்; அதில் ஆச்சரியம் இல்லை. சுமாராகப் படித்தவர்களிலும் சிலர் நன்றாகவே தேறினார்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. "எனக்கு இது தெரியலை" என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். உயர்நிலைப் பள்ளியைத் தாண்ட, கேட்கத் தெரிய வேண்டும். யாரிடம், எதை, எப்படிக் கேட்பது? வாருங்கள், பார்ப்போம்.

ஆசிரியரிடம் கேளுங்கள்

"மிஸ், ஒண்ணுமே புரியல" என்று சொன்னால், எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கே தெரியாது. "மூணாவது வரியில மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு மிஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் பதில் கிடைக்கும். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று மனப்பாடம் செய்திருப்போம். உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. சமன்பாடு என்பது தராசு. இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டுகிறோம். அதனால் ஒரு பக்கத்து மைனஸ் மறைகிறது, மறுபக்கம் கூடுகிறது. இது புரிந்துவிட்டால் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா வரை பயம் இல்லை!

வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, புரியாததை எல்லாம் அங்கே எழுதுங்கள். மதிய இடைவேளையில் ஆசிரியரிடம் அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும். ஆங்கிலத்தில் கேட்க வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். புரிந்துகொள்ளத் தாய்மொழியைப் போல உதவி வேறு ஏது? புரிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். ஒரு வாரத்துக்கு மேல் எந்தச் சந்தேகத்தையும் அந்தப் பக்கத்தில் தங்க விடாதீர்கள். சந்தேகமும் கடனைப் போலத்தான். தள்ளிப்போட்டால் வட்டி ஏறும்.

உங்களையே கேளுங்கள்

பாடத்தை நாலு முறை படித்தாயிற்று. ஆனாலும் பரீட்சை ஹாலில் நினைவுக்கு வரவில்லை. ஏன் இப்படி ஆகிறது?

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பகுதியை இரண்டாம் முறை படிக்க வைத்தார்கள். இன்னொரு பகுதியை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்ததே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்! இரண்டு முறை படித்தது 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது. மூடி வைத்து எழுதிப் பார்த்தது 56 சதவீதம் இருந்தது.

நமக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். "இப்ப என்ன படிச்சேன்?" என்று உங்களையே கேட்டு எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பாருங்கள். மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இதையே செய்யுங்கள். வீட்டில் டியூஷன் ஆசிரியர் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம், காசும் செலவில்லை.

"என்ன?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "ஏன்?" என்றும் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. கேள்வித்தாளில் இப்போது ஏறக்குறைய பாதிக் கேள்விகள், படித்ததைப் பயன்படுத்திப் பதில் சொல்ல வேண்டியவை. 'கடற்காற்று என்றால் என்ன?' என்று நேராகக் கேட்க மாட்டார்கள். 'பாய்மரப் படகுகள் விடியும் முன்பே கடலுக்குப் புறப்பட்டது ஏன்?' என்று கேட்கலாம்.

எங்கள் ஊரை ஒட்டிய கடற்கரையிலேயே இதற்கு விடை உண்டு. பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்போது காற்று நிலத்தில் இருந்து கடலுக்கு வீசும். விடியும் முன் புறப்பட்டால் காற்றே படகைத் தள்ளிக்கொண்டு போகும். பிற்பகலில் கடற்காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு தடவை மணலில் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்டுவிட்டால், இந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

பள்ளியில் விதிகளைக் கேளுங்கள்

விளையாட்டு விதி தெரியாமல் யாராவது கபடிக் களத்தில் இறங்குவார்களா? பரீட்சைக்கும் விதிகள் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் பெரும்பாலான பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், பள்ளியிலேயே தரும் அகமதிப்பீடு 20. தேறுவதற்கு 33 சதவீதம் வேண்டும். அந்த 20 மதிப்பெண் வருடம் முழுக்க நீங்கள் எழுதும் சிறு தேர்வுகள், நோட்டு, செயல்பாடுகளில் இருந்து வருவது. "ரெக்கார்டு நோட்டுதானே, அப்புறம் எழுதலாம்" என்று விடுகிறவர்கள் கையில் இருக்கும் மார்க்கைத் தாங்களே கொட்டிவிடுகிறார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். மழை, திருவிழா, கல்யாணம் என்று போடும் லீவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். மாதிரி வினாத்தாளையும், அதற்கு மார்க் போடும் முறையையும் ஒவ்வொரு வருடமும் வாரியமே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பள்ளிக் கணினியில் எடுத்துத் தரும்படி ஆசிரியரிடம் கேட்கலாம்.

வீட்டில் நேரம் கேளுங்கள்

சாயங்காலம் பள்ளி விட்டு, தவளக்குப்பத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீடு சேரும்போதே இருட்டத் தொடங்கிவிடும். பாத்திரம், தண்ணீர், தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று வேலைகள் காத்திருக்கும். வீட்டு வேலை செய்வது நல்லதுதான். ஆனால் அது பெண் பிள்ளைக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? தம்பிகளே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் அக்காவுக்கும் படிக்க நேரம் கிடைக்கும்.

சண்டை போடாமல், அம்மா அப்பாவிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள். "ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் எனக்குக் குடுங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எந்த வேலை சொன்னாலும் செய்யறேன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். டி.வி. சத்தத்தைக் குறைக்கும்படியும் கேட்கலாம்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்! 13 முதல் 18 வயது வரை இருப்பவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை; 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். இது தூக்க மருத்துவ நிபுணர்கள் சொல்லும் கணக்கு. பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வது தூக்கத்தில்தான். விடிய விடியப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரி.

பயமா? உதவி கேளுங்கள்

எட்டாம் வகுப்புக்கு மேல் வரும் கஷ்டங்கள் எல்லாம் பாடக் கஷ்டங்கள் அல்ல. பட்டப் பெயர் வைத்து அழவைப்பவர்கள் இருப்பார்கள். பஸ்ஸில் தொல்லை தருபவர்கள் இருப்பார்கள். யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால், தவறு உங்களுடையது அல்ல. அம்மாவிடமோ, நம்பும் ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மனம் மிகவும் பாரமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச ஆள் இருக்கிறார்கள். இரண்டு எண்களையும் நோட்டு அட்டையின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

தங்கைகளே, மாதவிடாய் நாட்களில் பள்ளியை விட வேண்டாம். பையில் ஒரு நாப்கின் எப்போதும் இருக்கட்டும். திடீரென்று தேவைப்பட்டால் டீச்சரிடம் கேளுங்கள். அவரும் இந்த வயதைத் தாண்டி வந்தவர்தானே!

இன்னொரு வாய்ப்பைக் கேளுங்கள்

எல்லாம் செய்தும் ஒரு பாடத்தில் கோட்டை விட்டால்? வானம் இடிந்துவிடாது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026-ல் இருந்து ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். முதல் தேர்வை எல்லாரும் எழுத வேண்டும். அதில் தேறியவர்கள் விரும்பினால், மே மாதத்தில் மூன்று பாடங்கள் வரை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். பிளஸ் டூவுக்கும் துணைத் தேர்வு உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும் உண்டு. ரிசல்ட் அன்றைக்கு, "அடுத்த தேர்வுக்கு எப்ப அப்ளை பண்ணணும்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பாடம் போனதற்காகப் படிப்பையே நிறுத்திக்கொள்வதுதான் பெரிய நஷ்டம்.

கேட்டவர் ஒருவர்

1886-ல் புதுக்கோட்டையில் ஒரு பெண் பிறந்தார். வயதுக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. வீட்டில் இருந்தபடியே படித்து, 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து, ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்தார்! ஊரே எதிர்த்தது. "இந்தப் பெண் வந்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம்" என்று சிலர் மிரட்டினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். வகுப்பில் பையன்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் அந்தப் பெண். 1912-ல் டாக்டர் ஆனார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் 1954-ல் திறக்கப்பட்டது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள்.

'இடம் தருவார்களா, சிரிப்பார்களா?' என்று யோசித்து அவர் விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால்? நமக்குத் திரையும் இல்லை, தடையும் இல்லை. முன்பெஞ்சிலேயே இடம் இருக்கிறது. கை தூக்க மட்டும் என்ன தயக்கம்?

கடைசியாக ஒன்று. யாராவது எழுந்து சந்தேகம் கேட்கும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்காதீர்கள். ஒருவர் சிரித்தால், கேட்க நினைத்த பத்துப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். சிரிக்காத வகுப்பில்தான் எல்லாரும் தேறுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் ஆளுக்கு ஒரு சந்தேகம் கேளுங்கள். உங்கள் நண்பர் கேட்டால், அவர் பக்கம் நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பூரணாங்குப்பத்து அக்கா