தங்க மீனுக்கு மருந்து வாங்கும் முன்...

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று விவசாயிகளிடம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அதையே இப்போது தங்க மீன் தொட்டிக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பக்கம் வாழைத் தோட்டத்தோடு கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, சென்னை கொளத்தூரிலிருந்து குஞ்சு வாங்கி விடுவோர் உண்டு. இரண்டு மீன் சோர்ந்து ஒதுங்கியதும் மருந்துக் கடை டெட்ராசைக்ளின் மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அது ஒட்டுண்ணியைக் கொல்லாது, அம்மோனியாவைக் குறைக்காது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாகத்தான் வழி செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. வயலில் இட்ட யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வகைதான் தொட்டியிலும் வேலை செய்கிறது. புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை நெருக்கமாக விட்டுத் தீவனத்தையும் அள்ளிப் போட்டால் அம்மோனியா தேங்கும். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினாலும் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். கார அமில நிலை 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சாகும் அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. பாசி பிடித்துப் பச்சையான தொட்டியில் பிற்பகலில் இது 9-ஐயும் தாண்டும். எனவே காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது.

விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்தால் உயிர்வாயுக் குறைவு என்று கொள்ளலாம். போர் தண்ணீரை இறைத்த சூட்டோடு விடாமல் ஒரு நாள் காற்றேற்றிய பிறகே தொட்டிக்கு விட வேண்டும்.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்து மீனின் உடலைப் பாருங்கள். உடலெங்கும் ரவை தூவியதுபோல் தெரிந்து, மீன் சுவரில் உரசினால் வெண்புள்ளி நோய். ஆனால் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கப் பருவ ஆண் மீனின் அடையாளம். இதற்கு மருந்து போட்டுக் கொன்றவர்களும் உண்டு! நூல்போல் தொங்குவது நங்கூரப் புழு. தட்டையாக ஊர்வது மீன் பேன். செதில்கள் அன்னாசிப் பழம்போல் சிலிர்த்து வயிறு உப்பிவிட்டால் பிழைப்பது அரிது. அந்த மீனை உடனே தனியே பிரித்துவிட வேண்டும்.

வெண்புள்ளிக்கு லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போதும். 100 லிட்டர் தொட்டிக்கு 300 கிராமை ஒரே நாளில் மூன்று தவணையாகக் கரைத்துவிட்டு, 10 நாள் வைத்திருக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடாது. வெளியே வந்து நீந்தும் பருவத்தில்தான் அது சாகும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். நங்கூரப் புழுவைச் சாமணத்தால் எடுப்பது பாதி வேலைதான். முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்கு மீன்வள அலுவலர் சொல்லும் மருந்தை மூன்று, நான்கு வாரம் தொடர வேண்டும்.

சாதாரணமாக மாற்றும் தொட்டித் தண்ணீர் வாழைக்கு நல்ல ஊட்டம். உப்பு போட்ட தண்ணீரின் மின்கடத்துத் திறனோ 5 டெசிசீமன்ஸைத் தாண்டும். உப்பு தாங்காத பயிர் வாழை. அதன் பாத்தியில் ஊற்றிவிடாதீர்கள்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை வாய்க்காலிலோ காவிரியிலோ, கொள்ளிடத்திலோ விடுவது இதைவிடக் கெடுதல். ஜப்பானிலிருந்து வந்த தங்க மீன்களோடுதான் புண் நோய் ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குள் புகுந்ததாகக் கருதப்படுகிறது. 1974-ல் அங்கே ஒரு பண்ணையில் அது தெரியவந்தது. இறந்த மீனைச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் மீன்வளத் துறையும் மண் பரிசோதனை முகாம்களிலேயே தொட்டித் தண்ணீரின் அம்மோனியா, கார அமில நிலையைச் சோதித்துச் சொன்னால் என்ன? செலவு அதிகமில்லை. காரணம் தெரியாமல் மீன் கூட்டமாகச் செத்தால் மாதவரத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக நோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் வழியையும் களப் பணியாளர்கள் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.