இரப்பர் மரத்துக்கு முதுமை உண்டா?

கோலாகங்சாரில் ஓர் இரப்பர் மரம் நிற்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகள் கோலாகங்சாரில் நடப்பட்டன. பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றை வளர்க்க ஆர்வம் காட்டினார். அந்தத் தலைமுறையில் எஞ்சிய மரம் என்று இன்று அந்த ஒரு மரத்தைப் போற்றிக் காக்கிறார்கள். நல்ல செயல்தான். ஆனால், இந்த நாட்டில் இலட்சக்கணக்கில் நின்ற பால்மரங்களில் ஏன் வேறெதுவும் கிழடாகி நிற்கவில்லை?

காரணம் எளிது. இரப்பர் மரத்தை முதுமை அடைய விடுவதில்லை. 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். பல தோட்டங்களில் மறுநடவாக வந்தது செம்பனை.

அதனால்தான் கெர்லிங் பக்கம் நாங்கள் கண்ட மரம் என்னை நிறுத்தியது. சென்ற விடுமுறையில் நண்பனுடன் செம்பனைக் காட்டைத் தாண்டி ஒரு குன்றில் ஏறினேன். புதருக்குள் நின்ற அந்த மரத்தை ஏதோ காட்டு மரம் என்று அவன் கடந்து போய்விட்டான். காலடியில் கிடந்த புள்ளிபோட்ட கொட்டைகள்தாம் அதைக் காட்டிக் கொடுத்தன. சிறு வயதில் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைப்போமே, அதே கொட்டை!

இருவரும் கைகோத்துத்தான் அதன் அடியை அணைக்க முடிந்தது. அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்திருந்தது. விதையிலிருந்து வளர்ந்த மரத்தின் வடிவம் அது. பின்னாளில் தோட்டங்களை நிறைத்த ஒட்டுக்கன்று மரங்கள் ஏறக்குறைய ஒரே பருமனாக உயரும். எங்கள் தலைக்கு மேலேயும் கத்தி பட்ட தழும்புகள் இருந்தன. ஏணி வைத்து வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பட்டை வழவழப்பாக மூடியிருந்தது. மறுபக்கம் முண்டும் முடிச்சும்.

தோட்டத்தில் பால் வெட்டிய தன் பாட்டியிடம் நண்பன் படத்தைக் காட்டினான். “இந்தப் பக்கம் பழகின கை. அந்தப் பக்கம் அவசரக் கை, மரத்தக் காயப்படுத்தியிருக்கு. தண்டல் பாத்திருந்தா அன்னிக்கு ஏச்சுதான்,” என்றாராம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் புதுப்பட்டை சீராக வராது. பாட்டி தாவரவியல் படித்தவரல்லர்.

நண்பனுக்கு என் ஆர்வம் பிடிக்கவில்லை. “விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடி, பிள்ளைய ஆயாக் கொட்டகையில போட்டுட்டு, அட்டைக்கடியில செத்தாங்க. அந்தக் கஷ்டத்துக்கு ஒரு நினைவுச் சின்னமா? வெட்டிப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லடா,” என்றான்.

அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக வருணிப்பவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால், ஒரு மரத்தைக் காப்பது அதைக் கும்பிடுவதாகாது. நம் மேடைகளில் பால்மரம் என்றாலே கண்ணீர்தான். கைத்திறனைப் பற்றிப் பேச்சே இல்லை. மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கலாம் என்று 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி காட்டினார். அவர் பெயரைப் பள்ளியில் படித்தோம். ஆனால், அந்த முறை செல்வமாக மாற, வெயில் ஏறிப் பால் வடிவது குறையுமுன், அரையிருட்டில், மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி நம்மவர் கைகள். கோலாகங்சார் மரம் செடி வந்த கதையைச் சொல்கிறது. கெர்லிங் மரத்தின் பட்டையில் இருப்பது அந்தக் கைகளின் கதை.

இதைக் காக்க வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் சேர்க்கப்பட்ட பகுதி, மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை ஊராட்சித் துறைக்குத் தருகிறது. உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதுவதில் நமக்கு என்ன நட்டம்? தனியார் நிலம், மறுப்பார்கள் என்பீர்கள். மறுக்கட்டும், கேட்டதாவது பதிவில் இருக்கும்.

மரம் போனாலும் சொல் போகக் கூடாது. முதலாண்டு மாணவர் சிலரிடம் ‘மங்கு’ என்றால் என்ன என்று கேட்டேன். மங்கு சனி என்றார்கள்! பால் வடியும் கிண்ணம் அவர்களுக்குத் தெரியவில்லை. காண்டா, ஒட்டுப்பால், தீம்பார் எல்லாம் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. இச்சொற்களைப் புழங்கியவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

விடுமுறைக்குத் தோட்டப்புறம் திரும்பும் நண்பர்களே, பழைய பால்மரம் கண்ணில் பட்டால் அதன் சுற்றளவு, கத்தி ஏறிய உயரம், நிலம் யாருடையது என்ற மூன்றையும் குறித்து வந்து மன்றத்தில் கொடுங்கள். வீட்டில் பால் வெட்டியவர்கள் இருந்தால் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும்.