எந்தத் தீவில் தங்குவது?

கடலில் சுழியோடுவது எங்கள் பெண்களுக்குச் சரிவராது என்பவர்கள் கடலை நினைத்து அதைச் சொல்வதில்லை. தங்குமிடத்தை நினைத்தே சொல்கிறார்கள். சுழியோடிகளின் இறப்பர் உடை கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிறது. தலைக்கும் உறை உண்டு. ஆகவே தங்குமிடத்தைத் தெரிவதுதான் முக்கியம்.

மாலைதீவை எடுத்துக்கொள்வோம். அங்கு உல்லாச விடுதிகள் பெரும்பாலும் ஊர்மக்கள் குடியிராத தீவுகளில் இருக்கின்றன, மதுவும் பரிமாறப்படுகிறது. மக்கள் வாழும் தீவுகளிலோ சிறிய விருந்தினர் விடுதிகள் உள்ளன. அங்கே மது இல்லை. உணவு ஹலால். ஐவேளையும் பாங்கு கேட்கும். கட்டணமும் குறைவு. பூமத்திய கோட்டுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள ஃபுவாமுலா அப்படியொரு தீவு. புலிச்சுறாக்களைக் காணப் பல நாட்டுச் சுழியோடிகள் வந்து, ஊருக்குள்ளேயே தங்குகிறார்கள்.

உல்லாச விடுதியில் வசதி அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. பல இடங்களில் அறையிலிருந்து இறங்கினாலே பவளப்பாறைதான். ஆனால் ஊர்த்தீவில் நாம் கொடுக்கும் பணம் அவ்வூர்க் குடும்பங்களுக்கும் போய்ச் சேருகிறது. மாலைதீவு 2010இல் சுறா பிடிப்பதைத் தடைசெய்தது. உயிருள்ள சுறாவால் ஊருக்கும் வருமானம் கிடைத்தால்தான் அத்தடை நிலைக்கும்.

தோழியரே, வீட்டில் அனுமதி கேட்கும்போது கடலின் அழகை மட்டும் சொல்லாதீர்கள். குடும்பத்தோடு எந்தத் தீவில் தங்கலாம் என்பதை முதலில் சொல்லுங்கள்.