மோட்டார் வந்தால் சாதி போய்விடுமா?

அமெரிக்காவில் முகாம் பொருட்கள் விற்கும் கடைகளில் ஒரு சின்ன மோட்டார் கிடைக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். பெயர் மெசரேட்டர் பம்ப். உள்ளே சுழலும் பிளேடு மலத்தையும் காகிதத்தையும் மிக்ஸியில் அரைப்பதுபோல அரைத்துக் கூழாக்கும். பின்னாலிருக்கும் பம்ப் அந்தக் கூழைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஹோஸ் அளவேயுள்ள குழாய் வழியாகத் தள்ளிவிடும். கார் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரமே போதும். மேடாக இருந்தாலும் தள்ளும், ஐம்பதடி தூரத்துக்கும் தள்ளும்.

இது யாருக்காக? ஆர்.வி. என்று அங்கே சொல்லப்படும் வீட்டு வண்டிகளின் சொந்தக்காரர்களுக்காக. நம் ஊரில் இதற்குக் கேரவன் என்று பெயர், அதுவும் சினிமா நடிகர்களால் தெரிந்த பெயர். (எந்த நடிகருக்கு எவ்வளவு பெரிய கேரவன் என்று பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறேன். அதன் கழிவுத் தொட்டியை யார் காலி செய்கிறார் என்று ஒரு வரிகூடப் படித்ததில்லை.) அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர், லாரி ஓட்டுநர், வங்கி அதிகாரி என்று பலரும் இந்த வண்டியில் ஊர் சுற்றுகிறார்கள். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு. மூன்றாவது மலத்துக்கு, அதைக் கறுப்புத் தொட்டி என்கிறார்கள். சில நாளுக்கு ஒருமுறை வண்டிக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, குழாயைப் பொருத்தி, வால்வைத் திறந்து, கறுப்புத் தொட்டியை முதலில் காலி செய்வார். பிறகு குளித்த நீரைத் திறந்துவிட்டால் குழாயும் கழுவப்பட்டுவிடும். கையைக் கழுவிவிட்டுக் காலை உணவு சாப்பிடப் போய்விடுவார். அவருக்கு அது குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது மாதிரி ஒரு வேலை.

நான் துப்புரவுத் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வுக்காக ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்தபோது இந்த வண்டிக்காரர்களோடு பேசிப் பேசியே சில மாலைகள் போயின. மலத்தைப் பற்றி இத்தனை கூச்சமின்றிப் பேசும் மனிதர்களை அதற்கு முன் நான் என் பாட்டியின் தெருவில் மட்டும்தான் பார்த்திருந்தேன். கறுப்புத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் நீர் வடிந்து, திடக்கழிவு குவிந்து கெட்டியாகிவிடும். அந்தக் குவியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிரமிடு. பிரமிடு எழும்பிவிட்டால் மோட்டாராலும் ஒன்றும் ஆகாது. தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். ஈரத்துடைப்பான் துணியைப் போட்டால் பிளேடில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் மோட்டார் கெட்டுவிடும். இவற்றையெல்லாம் எழுபது வயதுக்காரர் ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறார், மற்றவர் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.

என் பாட்டி நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். எந்தத் தொட்டி எத்தனை வருடமாகத் திறக்கப்படவில்லை, மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்த நாற்றம் வந்தால் ஆளை உள்ளே விடக்கூடாது என்று அவர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாற்றம் திடீரென நின்றுபோனால் அதுதான் ஆபத்து என்பதும் தெரியும். ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் முதலில் சாவது மூக்கின் உணர்வுதான் என்று வேதியியல் சொல்வதைத்தான் அவர்கள் அனுபவத்தில் சொன்னார்கள். அங்கே அந்த அறிவுக்குப் பெயர் அனுபவம், வழிகாட்டல். இங்கே அதற்குப் பெயர் சாதி.

நாம் வழக்கமாகக் கேட்கும் வாதம் ஒன்று உண்டு: 'அவர்களிடம் பணம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. நம்மிடம் வந்தால் இங்கேயும் எல்லாம் மாறிவிடும்.' இதை நான் நம்பாமல் போனதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணம்.

அரிசோனாவில் குடியேறிய தமிழ்ப் பொறியாளர் ஒருவர், எனக்குப் பத்து வயது மூத்தவர், கொரோனா காலத்தில் ஒரு ஆர்.வி. வாங்கியிருந்தார். விடுமுறையில் ஐந்து பேர் அதில் போய்த் திரும்பினோம். தொட்டி நிறைந்திருந்தது. அவர் வழக்கமாகக் கூப்பிடும் கழிவு உறிஞ்சும் லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். வீட்டின் கழிவுநீர்க் குழாய் வாய் வண்டி நிற்கும் இடத்தைவிட மேட்டில், நாற்பதடி தள்ளி இருந்தது. "அண்ணா, மோட்டார் எதுவும் இல்லையா?" என்று கேட்டேன். இருந்தது. வண்டியோடு சேர்த்து வாங்கியது. மூன்று வருடமாகப் பெட்டிகூடப் பிரிக்கப்படவில்லை.

யார் செய்வது என்று பேச்சு வந்தபோது ஒருவன் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான். "ப்ரோ, இது உன் சப்ஜெக்ட்தானே!" எல்லோரும் சிரித்தார்கள். என் பாட்டி என்ன வேலை செய்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். முந்தைய இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நான்தான் சொல்லியிருந்தேன்.

விவசாயத்தை ஆய்வு செய்பவரிடம் 'வா, என் வயலில் நாற்று நடு' என்று யாரும் சொல்வதில்லை. சிறைகளை ஆய்வு செய்பவரைப் பூட்டிவைத்து யாரும் சிரிப்பதில்லை. "பயணம் அஞ்சு பேரோடது, கையுறை பெட்டி நிறைய இருக்கு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். வண்டிக்காரர் கேரேஜ் வாசலிலேயே நின்று பார்த்தார். கையேட்டைப் படித்துப் பொருத்தக் கால் மணி நேரம் ஆனது. நாற்பது காலன் தொட்டி காலியாக நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. "இவ்வளவுதானா?" என்றார் அவர்.

இவ்வளவுதான். நான்கு நிமிட வேலையைச் செய்யாமல் இருக்க ஒரு படித்த மனிதர் மூன்று வருடம் பணம் கட்டியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கஞ்சரும் இல்லை. அந்த வேலைக்கு வேறொரு ஆள் இருப்பான் என்ற எண்ணம் விமானத்தில் அவரோடு வந்து இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகராட்சி சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது, 'அமெரிக்காவில் சாதி எங்கே இருக்கிறது?' என்று கேட்டவர்கள் ஏராளம். பிரிக்கப்படாத அந்தப் பெட்டியை நான் அவர்களுக்குக் காட்டுவேன்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், தோழர்களே. அந்த வண்டியின் தொட்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? வெளியேற்றும் வாய் அடியில், வால்வு வெளியே கைக்கு எட்டும் இடத்தில். சொந்தக்காரரே காலி செய்யப்போகிறார் என்று நினைத்து வரைந்த வரைபடம் அது. நம் வீடுகளின் செப்டிக் டேங்க் எப்படி? பல இடங்களில் மூடியைத் தேட வேண்டும். மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், பைக் நிறுத்தியிருப்பார்கள். பத்து வருடம் திறக்காத தொட்டியின் அடியில் கசடு களிமண்போல இறுகிவிடும். லாரியின் குழாய் மேலேயுள்ள நீரை உறிஞ்சிவிட்டு நின்றுவிடும். மீதியை வழிக்க யாரோ ஒருவர் இறங்குவார் என்று அந்தத் தொட்டியைக் கட்டிய கொத்தனாருக்கும் தெரியும், பொறியாளருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். நம் செப்டிக் டேங்கின் வரைபடத்திலேயே ஒரு மனித உடல் வரையப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவைச் சொர்க்கம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில் மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை, அந்த லாரியின் அழுத்தும் இயந்திரமே நசுக்கிக் கொன்றது. அங்கேயும் இயந்திரம் இருந்தது, இருந்தும் என்ன? அதன் பிறகுதான் 'நான் ஒரு மனிதன்' என்ற பதாகையோடு அந்த வேலைநிறுத்தம் எழுந்தது. அதற்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் அந்த நகரிலேயே கொல்லப்பட்டார். இன்றும் அலபாமாவின் லவுண்டஸ் மாவட்டத்தில், தண்ணீர் இறங்காத களிமண் நிலத்தில், முறையான செப்டிக் அமைப்புக்குப் பணமில்லாத கறுப்பினக் குடும்பங்களின் மலம் குழாய் வழியாகக் கொல்லைப்புறப் பள்ளத்தில் போய் விழுகிறது. 2023இல் ஒன்றிய நீதித்துறை மாநிலத்தோடு செய்த உடன்பாட்டை, 2025இல் டிரம்ப் அரசு ரத்து செய்தது. மோட்டார் விற்கும் கடையும் லவுண்டஸ் மாவட்டமும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1993இல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை ஒரு விதி கொண்டுவந்தது. மூடிய குழிகளுக்குள் ஆளை அனுப்பும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும், தூக்கி எடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். அதே 1993இல்தான் நம் நாடாளுமன்றம் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டத்தை இயற்றியது. அது உலர் கழிப்பிடங்களோடு நின்றுவிட்டது. குழியில் இறங்குவதைத் தடைசெய்ய 2013 வரை காத்திருந்தோம். அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை. அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால், அந்த வேலையைச் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். இந்த வரையறையின் நிழலில்தான் 2021இல் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னது. குழியில் செத்தவர்கள் 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்ததால்' செத்தவர்களாம்.

2023 நிதிநிலை அறிக்கையில் இனி மனிதர் இறங்கும் குழி இயந்திரம் இறங்கும் குழியாகும் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் இந்த வேலைக்கு முழுத்தடை என்றது. ஏற்கெனவே தடைசெய்யப்பட்டதை மறுபடி மறுபடி தடைசெய்ய வேண்டியிருக்கிறது.

இயந்திரம் இல்லாமலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஹோமோசெப் கருவி கிட்டத்தட்ட அந்த ஆர்.வி. மோட்டாரின் பெரியண்ணன்தான். தொட்டிக்குள் பிளேடு இறங்கி, இறுகிய கசடைக் கலக்கிக் கூழாக்கும், பிறகு உறிஞ்சிவிடலாம். ஆள் இறங்கத் தேவையில்லை. முதல் கருவிகள் யாருக்குக் கொடுக்கப்பட்டன? இந்தத் தொழிலில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு. 2019இல் டெல்லியில் 200 கழிவு அகற்றும் வண்டிகளைக் கொடுத்தபோதும் இதே வழி, இதே சமூகம்.

இதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. அந்தப் பெண்கள் முதலாளிகளாகிறார்கள், உயிர் போவதில்லை, அந்த வருமானம் அவர்களுக்கு வேண்டும். சொந்தத் தொழில் அறிவை வைத்து அவர்கள் சம்பாதிப்பதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் கணவரைக் கொன்ற குழியின் விளிம்பிலேயே மனைவியை நிறுத்துவதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்கும்போது எனக்கு நெருடுகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்கவில்லை, அது வேலை செய்பவர்களையே பிரித்துவைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். இயந்திரம் வேலையை மாற்றுகிறது. வேலை செய்பவரின் தெரு, பெயர், சான்றிதழ் அப்படியே இருக்கின்றன. தொழில்முனைவோர் கடன் கொடுக்கும் வங்கி, இதே கருவியை வாங்க ஒரு முதலியாரோ ஐயரோ வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கவாவது செய்கிறதா?

அந்தச் சின்ன மோட்டாரிடம் நான் கற்றது தொழில்நுட்பம் பற்றியது இல்லை. யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கு ஏற்றபடிதான் எந்தக் கருவியும் வளர்கிறது. வாங்குபவரே இயக்கப்போகிறார் என்பதால் அதற்குச் சிந்தாத மூடி, இருட்டில் வேலை செய்ய விளக்கு, கை படாத கைப்பிடி என்று வருடத்துக்கு வருடம் வசதிகள் கூடுகின்றன. நம் ஊர்க் கழிவு லாரியை வாங்குபவர் ஒருவர், பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர் வேறொருவர். அவருடைய கையுறை கிழிந்தால் லாரி முதலாளிக்கு நாற்றமடிப்பதில்லை.

அதனால் இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். உங்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ விடுதியிலோ வாடகை வீட்டிலோ இருப்பீர்கள். உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எந்த மாதம் காலியானது, யார் வந்தார், எந்த வண்டி, ஆள் இறங்கினாரா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பாதுகாப்பு உடையும் கருவியும் இல்லாமல் இறங்கியிருந்தால் அது குற்றம். 2013 சட்டத்தின்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். வேலைக்கு அமர்த்தியவர் என்ற இடத்தில் உங்கள் சங்கச் செயலாளரின் பெயர் வரலாம். அடுத்த முறை வண்டி வரும்போது நீங்களும் கீழே போய் நில்லுங்கள், முடியும்வரை.